அளவு இறங்கிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கொலஸ்ட்ரால் மருந்துகள் குறித்துச் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இதயநோய் மருத்துவர் பதிலளிக்கிறார்.

என் கணவருக்கு வயது 58. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது 148 ஆக இருந்த எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இப்போது 66 ஆகிவிட்டது. அளவு மீறினால் ஆய்வகத் தாளில் போடும் நட்சத்திரக் குறி ஒன்றுகூட இல்லை. ‘இனி எதற்கு மாத்திரை, கிட்னியைக் கெடுத்துவிடும்’ என்று அவருடைய அண்ணன் சொல்ல, இவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறார். இது சரியா?
– வாசகி, காரைக்குடி

சரியில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றை உடனே பார்த்துவிடுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு எழுதித் தரப்படும் ‘கொலஸ்ட்ரால் மாத்திரை’ பல நேரங்களில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்து மட்டும் கொண்டதாக இருப்பதில்லை. ரோசுவாஸ்டாட்டின் அல்லது அட்டோர்வாஸ்டாட்டினுடன், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து அடைத்த ஒரே காப்ஸ்யூலாகவும் அது விற்கப்படுகிறது. உங்கள் கணவர் சாப்பிடுவது அப்படிப்பட்டதாக இருந்தால், கொலஸ்ட்ரால் குறைந்துவிட்டதென்று அவர் விட்டுவிடும் ஒவ்வொரு நாளும் ஸ்டென்ட்டைக் காக்கும் மருந்தும் சேர்ந்தே நின்றுபோகிறது. அட்டையின் பின்புறம் மருந்துகளின் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். நாலு மாத்திரை மட்டும் கேட்டால் கடைக்காரர் கத்தரிக்கோலால் வெட்டித் தரும் துண்டில் அந்தப் பெயரும் காலாவதித் தேதியும் இல்லாமல் போய்விடுவதால், முழு அட்டையாக வாங்குவதே நல்லது.

இனி அந்த 66 பற்றி. அது மாத்திரையால் வந்த அளவு. மாத்திரையை விட்டால் சில வாரங்களிலேயே பழைய 148-க்கு அருகில் போய் நிற்கும். ஸ்டாட்டின் மருந்துகள், கொலஸ்ட்ராலைத் தயாரிக்கக் கல்லீரல் பயன்படுத்தும் நொதி ஒன்றை மட்டுப்படுத்துகின்றன. உள்ளே உற்பத்தி குறைந்தவுடன் கல்லீரல் தன் மேற்பரப்பில் ஏற்பிகளைக் கூட்டிக்கொண்டு, ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்களை இழுத்து எடுக்கத் தொடங்குகிறது. மருந்து இருக்கும்வரைதான் இந்த வேலை நடக்கும். ஜப்பானிய ஆய்வாளர் அகிரா எண்டோ 1970-களில் ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளைச் சோதித்து இவ்வகை மருந்தின் முதல் மூலக்கூறைக் கண்டெடுத்தார்; முதல் ஸ்டாட்டினான லோவாஸ்டாட்டின் 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உயிர் காக்கும் என்பதற்கான தெளிவான சான்று 1994-இல் கிடைத்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் நெஞ்சுவலியோ மாரடைப்போ ஏற்கெனவே வந்திருந்த 4,444 பேரை ஐந்தாண்டுகளுக்கு மேல் கவனித்தபோது, சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடையே இறப்பு சுமார் 30 விழுக்காடு குறைந்திருந்தது. உங்கள் கணவரும் அந்த 4,444 பேரைப் போல ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்.

ஆய்வகத் தாளின் நட்சத்திரக் குறியை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அந்தத் தாளில் அச்சிட்டிருக்கும் ‘இயல்பான அளவு’ பொதுவான மக்களுக்கு உரியது. ரத்தம் கொடுத்தவருக்கு ஸ்டென்ட் இருப்பது ஆய்வகத்தின் கணினிக்குத் தெரியாது. இந்திய இதயவியல் கழகம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பொதுவான மக்களுக்கும் ஆபத்து குறைந்தவர்களுக்கும் எல்.டி.எல். 100-க்குக் கீழேயும், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஆபத்து மிகுந்தவர்களுக்கு 70-க்குக் கீழேயும், மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழேயும் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் 66 என்பது இன்னும் சற்று அதிகம். இந்த இடத்தில் ஸ்டாட்டினை இருமடங்காக்கினால் கூடுதலாகக் கிடைப்பது ஏறத்தாழ 6 விழுக்காட்டுக் குறைவுதான். ஆகவே பெரும்பாலான மருத்துவர்கள் எசெட்டிமைப் 10 மி.கி. மாத்திரையைச் சேர்ப்பார்கள். அது குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுத்து, அளவை மேலும் ஐந்தில் ஒரு பங்கு வரை இறக்கும்.

சிறுநீரகத்தைப் பற்றிய அச்சத்துக்கு ஆதாரமில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கே இதயத்தைக் காக்க ஸ்டாட்டின் தருகிறோம். சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்கு மட்டும் ரோசுவாஸ்டாட்டினின் அளவைக் குறைப்போம். அண்ணன் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான், வயது 64. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. அட்டோர்வாஸ்டாட்டின் தொடங்கிய மூன்றாம் வாரத்திலிருந்து தொடையிலும் கெண்டைக்காலிலும் வலி. அது தசையை அரித்துவிடும் என்று கைப்பேசியில் வந்த காணொளியைப் பார்த்து நானே நிறுத்திவிட்டேன். வலி பாதி குறைந்திருக்கிறது. மறுபடி தொடங்கலாமா?
– வாசகி, தேவகோட்டை

தொடங்கலாம், ஆனால் முறையாக. உங்கள் வலி உண்மையானது. அதற்குக் காரணம் மாத்திரைதானா என்பதே கேள்வி. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேரை வைத்து பிரிட்டனில் செய்யப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று இதில் மிகவும் உதவுகிறது. அவர்களுக்குப் பன்னிரண்டு குப்பிகள் தரப்பட்டன: நான்கில் ஸ்டாட்டின், நான்கில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, நான்கு காலி. மாதம் ஒரு குப்பியாகப் பயன்படுத்தி, அன்றன்றைய தொல்லையை மதிப்பெண்ணாகக் குறித்து வந்தார்கள். மாத்திரையே சாப்பிடாத மாதங்களில் சராசரி மதிப்பெண் 8. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4, ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. ஸ்டாட்டினால் வந்ததாக நினைத்த தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு வெற்று மாத்திரையிலும் வந்திருக்கிறது. தங்கள் முடிவுகளைத் தாங்களே பார்த்தபின் பங்கேற்றவர்களில் பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டினைத் தொடங்கினார்கள்.

மருந்தால் உண்மையாகவே தசைவலி வருபவர்களும் உண்டு. அது பெரும்பாலும் இரு பக்கமும் சமமாக, தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில் வரும். மூட்டில் குத்துவது, ஒரு காலில் மட்டும் இழுப்பது, பாதம் எரிவது ஆகியவற்றுக்குச் சர்க்கரையும் முதுகெலும்பும் மூட்டுத் தேய்மானமும்தான் பெரும்பாலும் காரணம். தைராய்டு குறைவாக இருந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், ஸ்டாட்டினால் தசை பாதிக்கப்படும் வாய்ப்பும் கூடும்; ஆகவே மீண்டும் தொடங்கும் முன் தைராய்டையும், தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே. என்ற அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொரு ஸ்டாட்டினைக் குறைந்த அளவில், எடுத்துக்காட்டாக ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. என்று தொடங்கலாம். ஆசியர்களின் ரத்தத்தில் இந்த மருந்து வெள்ளையர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு அளவில் தங்குவதால், சிறிய மாத்திரையே நமக்கு நன்றாக வேலை செய்கிறது. அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் எசெட்டிமைப், பெம்பிடோயிக் அமிலம் என்று வழிகள் இருக்கின்றன. பெம்பிடோயிக் அமிலம் கல்லீரலுக்குள் சென்றபின்தான் செயல்படும் வடிவத்தைப் பெறுகிறது, தசையில் அந்த மாற்றம் நிகழ்வதில்லை. ஆனால் அது யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பதால் கவுட் என்ற மூட்டுவீக்க நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

காணொளி சொல்லும் ‘தசை அரிப்பு’ மிக அரிதாக நிகழக்கூடியதுதான். கடுமையான வலியும் பலவீனமும் சேர்ந்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சளிக்கோ தொண்டை வலிக்கோ கிளாரித்ரோமைசின் என்ற மருந்து எழுதப்பட்டால், நீங்கள் அட்டோர்வாஸ்டாட்டின் அல்லது சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் ஸ்டாட்டின் தேங்கும்.

எனக்கு வயது 34, சிங்கப்பூரில் வேலை. ஒல்லியான உடம்பு, புகையும் மதுவும் இல்லை. அலுவலகப் பரிசோதனையில் எல்.டி.எல். 228. மூன்று மாதம் நெய், முட்டை, கறி எல்லாவற்றையும் விட்டுப் பார்த்தும் 214-தான் வந்தது. அப்பச்சி (அப்பா) 46 வயதில் மாரடைப்பில் தவறிவிட்டார்கள். இந்த வயதிலேயே மாத்திரை தொடங்க வேண்டுமா என்று ஆத்தா தயங்குகிறார்கள்.
– வாசகர், கானாடுகாத்தான்

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னை நிறுத்தியது: அப்பச்சி 46 வயதில் தவறியது. எல்.டி.எல். 190-க்கு மேல், உணவைக் கட்டுப்படுத்தியும் இறங்காத நிலை, தந்தைக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு ஆகிய மூன்றும் சேரும்போது பரம்பரையாக வரும் மிகை கொலஸ்ட்ரால் நோயை நினைக்க வேண்டும். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. எல்.டி.எல். துகளைப் பிடித்து இழுக்கும் ஏற்பிக்கான மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதாக இருப்பதே வழக்கமான காரணம். இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்துதான் பிரவுன், கோல்ட்ஸ்டீன் ஆகிய இரு அமெரிக்க மருத்துவர்கள் அந்த ஏற்பியையே கண்டுபிடித்து 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். உங்கள் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரை விரல்களால் பிடித்துப் பாருங்கள்: தடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

பிறந்ததிலிருந்தே உங்கள் ரத்தக்குழாய்கள் இந்த அளவைச் சுமந்து வருகின்றன. ஆகவே 34 என்பது சிறிய வயது என்ற வாதம் இங்கே பொருந்தாது. இந்நோய் உறுதியான குழந்தைகளுக்கு எட்டு முதல் பத்து வயதிலேயே ஸ்டாட்டின் தொடங்குவதுண்டு. அட்டோர்வாஸ்டாட்டின் 40 முதல் 80 மி.கி., அல்லது ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி. அளவில் எல்.டி.எல். பாதியாகக் குறைந்து 110 வாக்கில் வரும். எசெட்டிமைப் சேர்த்தால் 90 வாக்கில் நிற்கும். உங்களுக்கு வேண்டியது 70-க்குக் கீழே என்பதால் மூன்றாவது மருந்தும் தேவைப்படலாம். தைராய்டு, சிறுநீரில் புரதம் இரண்டையும் பார்த்தபின் தொடங்குங்கள். லைப்போபுரோட்டீன் (ஏ) என்ற இன்னொரு கொழுப்புத் துகளுக்கான பரிசோதனையையும் வாழ்நாளில் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். அதுவும் பரம்பரையாக வருவது, ஸ்டாட்டினுக்குக் கட்டுப்படாதது. அதிகமாக இருந்தால் எல்.டி.எல்.லை இன்னும் கண்டிப்பாக இறக்க வேண்டியிருக்கும்.

இது உங்களோடு நிற்கிற செய்தி இல்லை. உடன்பிறந்தவர்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பெரியப்பச்சி, சித்தப்பா, அத்தை வீடுகளிலும் பார்க்கச் சொல்லுங்கள். நகரத்தாரிடையே ஒரே குலக் கோவிலைச் சேர்ந்த பங்காளிகளுக்குள் மணம் இல்லை என்றாலும், கோவில் கணக்கு தந்தை வழியில் மட்டுமே போகிறது. அத்தை மகள், மாமன் மகள் உறவில் இந்த மரபணு இரு பக்கமும் இருக்க இடமுண்டு. கணவன் மனைவி இருவரிடமும் அது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு, இரு பிரதிகளும் பழுதான கடுமையான வகை வரலாம். அந்தக் குழந்தைகளுக்கு எல்.டி.எல். 400-ஐயும் தாண்டி, முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சள் கட்டிகள் தோன்றி, பதின்வயதிலேயே மாரடைப்பு வருவதுண்டு. சம்பந்தத்தை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. ஜாதகம் பார்க்கும் அக்கறையில் ஒரு பங்கைச் சில நூறு ரூபாய் செலவாகும் ரத்தப் பரிசோதனைக்கும் கொடுத்தால், பிறக்கப்போகும் பிள்ளைக்கு வைத்தியம் காலத்தில் தொடங்கும். குடும்பத்துப் பெண்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு: கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசி ஸ்டாட்டினை நிறுத்தி, பால்குடி மறந்தபின் மீண்டும் தொடங்குவதுதான் வழக்கமான முறை.

மாத்திரை சாப்பிடும்போது பலகாரம் சாப்பிடலாமா? எண்ணெயை மாற்றினாலே மாத்திரை வேண்டாம் என்கிறார்களே?
– வாசகி, பள்ளத்தூர்

எண்ணெயையும் நெய்யையும் சீராக்கினால் எல்.டி.எல். 10 முதல் 15 விழுக்காடு வரை இறங்கும். ஆபத்து குறைந்த ஒருவருக்கு 125 என்று இருந்தால் அது பெரிய உதவி, மாத்திரை இல்லாமலே சமாளிக்கலாம். மாரடைப்பு வந்தவருக்கு 160 என்றால் போதாது.

‘கொலஸ்ட்ரால் அற்றது’ என்று எண்ணெய்ப் பொட்டலத்தில் எழுதியிருப்பதற்குப் பணம் கொடுக்காதீர்கள்; தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் பேசும்படியாக இருப்பதில்லை. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது 80 விழுக்காட்டுக்கு மேல், பாமாயிலில் ஏறக்குறைய பாதி, கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். நம் வீடுகளில் தலைமுறையாகப் புழங்கும் இந்த இரண்டு செக்கு எண்ணெய்களை விட்டுவிட்டு வேறெங்கோ தேட வேண்டியதில்லை. அளவைத்தான் குறைக்க வேண்டும். கடையில் வாங்கும் முறுக்கும் சீடையும் பெரும்பாலும் பாமாயிலில் பொரித்தவை. கவுனி அரிசிக்கு நிறத்தினால் நல்ல பெயர் வந்துவிட்டது, ஆனால் விசேஷ வீட்டுப் பந்தியில் அது இலைக்கு வரும்போது அதில் எவ்வளவு சர்க்கரையும் நெய்யும் தேங்காய்த் துருவலும் சேர்ந்திருக்கின்றன என்பதைச் சமையற்கட்டில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். மாவுருண்டையும் அப்படித்தான், உருண்டை பிடிக்கக் காய்ச்சிய நெய் ஊற்றித்தானே ஆக வேண்டும்! ஒன்று சாப்பிடுங்கள், தூக்குவாளியை அருகில் வைத்துக்கொண்டு அமர வேண்டாம். அசைவம் உண்பவர்கள் மூளை வறுவலையும் ஈரலையும் அரிதாக வைத்துக்கொள்ளலாம், மீனுக்குத் தடையில்லை.

மாத்திரை இருக்கிறதே என்று நெய்யைக் கூட்டிக்கொள்பவர்களையும் பார்க்கிறேன். வீட்டு ஆட்களிடம் அதை மறைத்து மருத்துவரிடம் மட்டும் சொல்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல்.

ஸ்டாட்டின் சாப்பிட்டால் சர்க்கரை வருமா?
– வாசகர், புதுவயல்

சிலருக்கு வரும், பெரும்பாலும் ஏற்கெனவே சர்க்கரையின் எல்லையில் நிற்பவர்களுக்கு. 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டாட்டின் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் கண்டறியப்படுகிறது என்று தெரிந்தது. அதே 255 பேரில் தவிர்க்கப்படும் மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் ஐந்துக்கும் மேல். மாரடைப்பு வந்தவருக்கோ சர்க்கரை உள்ளவருக்கோ இந்தக் கணக்கில் தயக்கத்துக்கு இடமே இல்லை. வேறு எந்த ஆபத்தும் இல்லாத, எல்.டி.எல். 118 உள்ள முப்பது வயதுக்காரருக்கு யாராவது மாத்திரை எழுதியிருந்தால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

என் அறிக்கையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 620. எல்.டி.எல். 96. எந்த மாத்திரை?
– வாசகர், பொன்னமராவதி

உங்கள் முதல் ஆபத்து கணையத்துக்கு. 500-ஐத் தாண்டும் ட்ரைகிளிசரைடு கணைய அழற்சியைக் கொண்டுவரலாம். ஃபீனோஃபைப்ரேட் இதற்கான மருந்து. அதற்கு முன் மது, கட்டுப்படாத சர்க்கரை, மூன்று வேளையும் அரிசிச் சோறு, இனிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். மதுவை விட்டதுமே பாதியாக இறங்குபவர்கள் பலர். ஸ்டாட்டினும் தேவைப்படுமானால் ஃபீனோஃபைப்ரேட்டுடன் தரலாம், அதே வகை மருந்தான ஜெம்ஃபைப்ரோசிலுடன் கூடாது. இனி 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து மறுபடி பரிசோதியுங்கள், எல்.டி.எல். மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்தப் பட்டினி தேவையில்லை.

என் தம்பி வெளிநாட்டிலிருந்து வரும்போது எனக்குக் கொலஸ்ட்ரால் ஊசி வாங்கி வருவதாகச் சொல்கிறான். இரண்டு மாத்திரை சாப்பிட்டும் எல்.டி.எல். 104; பைபாஸ் செய்திருக்கிறேன். ஊசி மாத்திரையைவிட உயர்ந்ததா?
– வாசகர், கோட்டையூர்

மாத்திரைகளால் எட்ட முடியாத இலக்குக்கு ஊசி. மாத்திரை சாப்பிடச் சோம்பல் என்பதற்காக அதைத் தேட வேண்டாம். உங்கள் நிலை அதுவன்று, உங்களுக்கு அது பொருத்தமாகவே தெரிகிறது. எவலோகுமாப், அலிரோகுமாப் இரண்டும் இரு வாரங்களுக்கு ஒருமுறை தோலுக்கடியில் தாமே போட்டுக்கொள்ளும் ஊசிகள்; எல்.டி.எல்.லை ஏறத்தாழ 60 விழுக்காடு இறக்குகின்றன. கல்லீரலின் ஏற்பிகளைச் சிதைக்கும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடுவது இவற்றின் வேலை. இன்கிளிசிரான் அந்தப் புரதம் உருவாவதையே தடுக்கிறது. முதல் ஊசி, மூன்றாம் மாதம் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று மருத்துவமனையில் போடப்படும், பாதி வரை இறக்கும். எல்லாமே விலை மிகுந்தவை. மாத்திரைகளையும் பெரும்பாலும் தொடர வேண்டும்.

இவற்றில் சில இந்தியாவிலேயே கிடைப்பதால், தம்பியைத் தொந்தரவு செய்யும் முன் இங்குள்ள விலையைக் கேட்டுப் பாருங்கள். அவர் வாங்கித்தான் வருகிறார் என்றால், இரு வார ஊசிகளைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. விமானத்தில் சரக்குப் பெட்டியில் போடாமல், குளிர்ப்பையில் வைத்து, மருத்துவரின் சீட்டோடு கையில் கொண்டுவரச் சொல்லுங்கள். திருச்சியில் இறங்கியபின் சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் பையை விட்டுவிட்டு யாரும் சாப்பிடப் போய்விட வேண்டாம்.